எந்தச் சிகிச்சை என்பதற்கு முன், எதற்காகச் சிகிச்சை

புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் குடும்பத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ஆபரேஷனா, கீமோவா, ரேடியேஷனா? ஒருவர் புதிதாக வந்திருக்கும் மாத்திரையைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர், தனக்குத் தெரிந்தவருக்குக் கீமோவே இல்லாமல் சரியாகிவிட்டது என்பார். இவ்வளவு பேச்சிலும் விட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. டாக்டர் இந்தச் சிகிச்சையை எந்த நோக்கத்தில் சொல்கிறார்? நோயை முழுதாகப் போக்கவா, போக்க முடியாத நோயை முடிந்தவரை அடக்கிவைக்கவா, வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கவா?

இது தெரியாமல் வேறு எதையும் எடைபோட முடியாது. குணமாக்கும் நோக்கில் தரும் கீமோவில் வெள்ளை அணு இறங்கினால், பெரும்பாலும் டோஸைக் குறைக்க மாட்டார்கள். வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி போட்டு அதே அளவில் தொடரவே பார்ப்பார்கள். அங்கே டோஸ் குறைந்தால் குணமாகும் வாய்ப்பும் குறையலாம். அடக்கிவைக்கும் நோக்கில் தரும் அதே கீமோவில் டோஸைக் குறைப்பதும், ஒரு வாரம் தள்ளிப்போடுவதும், சில மாதம் இடைவெளி விடுவதும் சரியான மருத்துவம்தான். முதல் வகையில் ஆறு மாதக் கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதற்குப் பலன் இருக்கிறது. இரண்டாவது வகையில், சிகிச்சையில் கழியும் நாட்களே நோயாளி வாழும் நாட்கள். அவரைப் படுக்கையிலேயே போட்டுவைக்கும் சிகிச்சையால் என்ன பயன்?

ஆகவே நேராகவே கேட்டுவிடுங்கள்: "டாக்டர், இது குணமாக்கவா, கட்டுப்படுத்தவா?" மழுப்பலான பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். "மருந்துக்கு நல்லா கேட்கும்" என்று டாக்டர் சொல்வதைக் குடும்பம் "குணமாகிவிடும்" என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஸ்கேனில் கட்டியின் விட்டம் 30 சதவீதம் சுருங்கினாலே மருத்துவக் கணக்கில் அது மருந்து வேலை செய்ததாக அர்த்தம். சுருங்கிய கட்டி மறுபடி வளரலாம். இரண்டும் வேறு வேறு செய்தி.

பயாப்சி ரிப்போர்ட்டை வரி வரியாக

சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் சிகிச்சை தொடங்கக் கூடாது. விதிவிலக்குகள் கொஞ்சம்தான். ஈரல் சுருங்கிப்போனவருக்கு வரும் கல்லீரல் புற்றுநோயை ஸ்கேனின் தனித்தன்மையை வைத்தே உறுதிசெய்ய முடியும். விதைப்பையில் ஊசி குத்திப் பார்க்க மாட்டார்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் இடுப்பு மடிப்பு வழியாக விதையையே எடுத்துப் பரிசோதிப்பார்கள். மற்றபடி, "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பயத்தில் பயாப்சியைத் தள்ளிப்போடுபவர்கள், மிக அரிதாக நடக்கும் ஒன்றுக்குப் பயந்து நிச்சயமான நஷ்டத்தை வாங்கிக்கொள்கிறார்கள். வகை தெரியாமல் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் தப்பான மருந்தாகத்தான் இருக்கும்.

மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுப்பதில் செல்கள் மட்டும் வரும். தடித்த ஊசியில் எடுக்கும் கோர் பயாப்சியில் சதை துண்டாக வரும். இன்று மருந்தைத் தீர்மானிக்கும் சோதனைகளில் பலவற்றுக்குத் துண்டுதான் வேண்டும். மெல்லிய ஊசி ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கீமோ தொடங்கலாம் என்றால், "கோர் பயாப்சி தேவையில்லையா?" என்று கேட்பது நியாயமே. கீமோ ஆரம்பித்துக் கட்டி கரைந்த பிறகு சோதிக்கச் சதை கிடைக்காது.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2. ஈ.ஆர். 90 சதவீதம், பி.ஆர். 60 சதவீதம், ஹெர்-2 2+, கி-67 20 சதவீதம்." முதல் சொற்றொடர், பால்குழாயில் தோன்றி அதன் சுவரைத் தாண்டிவிட்ட புற்றுநோய் என்கிறது. கிரேடு என்பது செல்கள் பார்வைக்கு எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற 1 முதல் 3 வரையான மதிப்பு. இதை ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டு "கிரேடு 3, அப்படியென்றால் மூன்றாம் ஸ்டேஜ்" என்று கலங்கிப்போகும் குடும்பங்கள் ஏராளம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், அதாவது உடலின் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ள செல்லில் இருக்கும் இடங்கள். 90 சதவீதம் என்றால் ஹார்மோன் மாத்திரை இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பாக இருக்கும். கி-67 செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டுகிறது. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும் எண் அது, தனியாக அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சிக்கல் ஹெர்-2 வரியில் இருக்கிறது. செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம் அது. 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது முடிவாகாத பதில். ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். அதைச் செய்யாமல் 2+ஐ நெகட்டிவ் என்று எடுத்துக்கொண்டால், பாசிட்டிவாக இருந்திருக்கக்கூடிய ஒருவருக்கு அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து கிடைக்காமல் போகும். 3 வாரத்துக்கு ஒருமுறை, ஓர் ஆண்டுக்குப் போடும் ஊசி அது. ஹெர்-2 வகையில் நோய் திரும்பும் ஆபத்தை அது வெகுவாகக் குறைக்கிறது. பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டால், தேவையே இல்லாமல் இதயத்துக்குச் சுமை. இன்னொன்று: நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் 1+ என்றோ, ஃபிஷ் நெகட்டிவான 2+ என்றோ வந்தவர்களுக்கும் இப்போது தனி மருந்து உண்டு. அதனால் "நெகட்டிவ்" என்ற சொல்லோடு விடாமல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். வெளியில் அதிக நேரம் கிடந்த சதையில் ஈ.ஆர். பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ரிப்போர்ட் மற்ற விவரங்களோடு பொருந்தாவிட்டால் அதே பிளாக்கை இன்னொரு நோய்க்கூறு நிபுணரிடம் காட்டுவது வழக்கம்தான். பிளாக் என்பது சதைத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி. அதையும், அதிலிருந்து சீவிய சதையை ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கலாம், பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். மூன்று வருடம் கழித்துப் புதுச் சோதனை வந்தாலும் அந்த மெழுகுக் கட்டி போதும்.

ஸ்டேஜ் சொல்வதும் சொல்லாததும்

கட்டியின் அளவுக்கு டி, நெறிக்கட்டிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) என், தூரத்து உறுப்புகளுக்கு எம் என மூன்று எழுத்துகளில் ஸ்டேஜ் எழுதுவார்கள். முன்னால் சின்ன எழுத்தில் சி இருந்தால் பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்துச் சொன்னது, பி இருந்தால் ஆபரேஷனில் எடுத்ததை வைத்துச் சொன்னது, ஒய்.பி. இருந்தால் கீமோவோ ரேடியேஷனோ கொடுத்த பிறகு பார்த்தது. நோய் எங்கே போனாலும் அதன் பெயர் பிறந்த இடத்தின் பெயர்தான். மார்பகத்திலிருந்து கல்லீரலுக்குப் போனது மார்பகப் புற்றுநோயே, மருந்தும் மார்பகத்துக்கான மருந்துதான்.

நான்காம் ஸ்டேஜ் என்றால் முடிந்தது என்ற எண்ணம் எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமாவில் பல வகைகள் நான்காம் ஸ்டேஜிலும் குணமாகின்றன. விதைப்பைப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பின்னும் பெரும்பாலும் குணமாகிறது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலில் ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால், அவற்றை வெட்டி எடுத்துச் சிலரைக் குணப்படுத்த முடிகிறது. மறுபக்கம், கணையத்தில் ஆரம்ப ஸ்டேஜ் என்றாலும் நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.

பெட் சிடி ஸ்கேனுக்கு 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் படம் மங்கும். முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி கூடாது, தசைகள் ஒளிரும். இந்த ஸ்கேன் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்களைக் காட்டுகிறது. புற்றுநோய் மட்டுமா உறிஞ்சும்? காசநோயும், கிருமித்தொற்றும், புண் ஆறும் இடமும் ஒளிரும். எனவே ஸ்கேனில் ஒரே ஒரு புள்ளி ஒளிர்ந்து, அந்த ஒன்றால் "குணமாக்கலாம்" என்பது "அடக்கிவைக்கலாம்" என்று மாறுகிறதென்றால், அந்தப் புள்ளியிலிருந்து பயாப்சி எடுக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். நோயாளிக்காகக் குடும்பம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிட முக்கியமானது அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அவசரம் எவ்வளவு? பெரும்பாலான கட்டிப் புற்றுநோய்களில் சோதனைகளுக்கும் இரண்டாவது கருத்துக்கும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. 2020-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப்போனால் இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு: அக்யூட் லுகீமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோய், வேகமாக வளரும் லிம்போமா, முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு முட்டுவது, தண்டுவடம் நசுங்குவது. முதுகுவலி கூடிக்கொண்டே போய், கால் தளர்ந்து, சிறுநீர் கழிக்கத் தடுமாற்றம் வந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் முழுதும் விழுந்த பிறகு வந்தவரை நடக்கவைப்பது கடினம்.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டையும் கொண்டுபோங்கள். ஆபரேஷன் நடந்திருந்தால் ஆபரேஷன் குறிப்பு, கீமோ நடந்திருந்தால் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தேதியும் எழுதிய சார்ட், பயாப்சி சில்லுகள். இவை இல்லாவிட்டால் அவர் சொல்லும் கருத்து முதல் டாக்டரின் ரிப்போர்ட்டைப் பற்றிய கருத்தாகவே நின்றுவிடும்.

ஆபரேஷன்: உடனே எடுத்துவிடலாமே?

கட்டி இருக்கிறது, எடுக்க முடியும், பிறகு ஏன் முதலில் கீமோ என்கிறார்கள்? பெரிய கட்டியைச் சுருக்கி, உறுப்பைக் காப்பாற்ற முடிகிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க முடிவது. ஹெர்-2 பாசிட்டிவ், டிரிபிள் நெகட்டிவ் (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ்) மார்பகப் புற்றுநோய்களில் கீமோவுக்குப் பின் எடுத்த சதையில் நோய் மிச்சம் இருந்தால் அடுத்த மருந்தை மாற்றுவார்கள். முதலிலேயே கட்டியை எடுத்துவிட்டால் இந்தத் தகவல் என்றைக்கும் கிடைக்காது. இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்கு விட்டுப்போகிறது. கீமோவுக்கு முன் கட்டிக்குள் ஒரு உலோகக் கிளிப்பை ஊசி வழியாக வைத்துவிட வேண்டும். கட்டி முழுதும் கரைந்துபோனால், எந்த இடத்தை வெட்டுவது என்று சர்ஜனுக்குக் காட்ட அது ஒன்றுதான் அடையாளம்.

ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது மார்ஜின், அதாவது வெட்டிய ஓரத்தில் நோய் இருக்கிறதா என்பது. பெருங்குடல் என்றால் எத்தனை நெறிக்கட்டிகளைப் பரிசோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். குறைந்தது 12 இருக்க வேண்டும். 5 மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தம் என்று எழுதினால் அதை நம்பி ஸ்டேஜ் போட முடியாது. கை கால் தசைக்குள் பெரிதாக வளரும் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து ஸ்கேனும் பயாப்சியும் இல்லாமல் சுரண்டி எடுப்பது மிக மோசமான தவறு. அது சார்கோமா என்ற தசைப் புற்றுநோயாக இருந்துவிட்டால், இரண்டாவது ஆபரேஷனில் சுற்றியுள்ள பெரும்பகுதியையே எடுக்க வேண்டிவரும். முதல் ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷனாக அமைய வேண்டும்.

ரேடியேஷனில் நாள் தவறினால்

இயந்திரத்தில் படுத்து வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷன் வலிக்காது, உடலில் கதிரியக்கம் தங்காது, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். வாய், தொண்டைப் புற்றுநோயைக் குணமாக்கும் நோக்கில் 66 முதல் 70 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை, நாளுக்கு 2 கிரே வீதம், வாரம் 5 நாள், சுமார் 7 வாரம் தருவார்கள். இவ்வளவு சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பதற்குக் காரணம், நல்ல செல்கள் இரவோடு இரவாகத் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் தருவதே. ஆனால் மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு, மிஞ்சியிருக்கும் புற்றுநோய் செல்களும் வேகமெடுத்துப் பெருகத் தொடங்குகின்றன. அப்போது "வாய் புண்ணாக இருக்கிறது, ஒரு வாரம் கழித்து வருகிறேன்" என்று நிறுத்தினால், அந்த ஒரு வாரத்தில் இழந்ததைப் பிறகு எளிதில் ஈடுகட்ட முடியாது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் வெளி ரேடியேஷனும் உள்ளே வைக்கும் ரேடியேஷனும் சேர்த்து மொத்தமும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது இதனால்தான்.

நாள் தவறாமல் முடிக்க, வேலை முன்னாலேயே தொடங்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் என்றால் முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல்லை 10 முதல் 14 நாள் முன்பே பிடுங்கி ஈறு ஆறியிருக்க வேண்டும். ரேடியேஷன் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து வருடங்கள் கழித்தும் இருக்கிறது. எடையை வாரா வாரம் பாருங்கள். எடை இறங்கினால், தலை அசையாமல் பிடிக்க அளவெடுத்துச் செய்த முகக்கவசம் தளர்ந்து கதிர் குறி தவறும், திரும்ப ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டிவரும். விழுங்க முடியாமல் போகும் என்று டாக்டர் எதிர்பார்த்தால், வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய் வைப்பதை எதிர்க்காதீர்கள். குழாய் இருந்தாலும் விழுங்கும் பயிற்சியை விடக் கூடாது, விட்டால் தொண்டைத் தசை மறந்துவிடும். புண் மூன்றாவது வாரத்தில் தொடங்கி, ரேடியேஷன் முடிந்த பிறகும் ஓரிரு வாரம் கூடிக்கொண்டே போகும். முடிந்த அன்றே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் அப்போது துவண்டுபோகிறார்கள்.

இப்போது நோக்கம் மாறினால் என்ன ஆகிறது பாருங்கள். எலும்புக்குப் பரவி வலிக்கும் இடத்துக்கு, பெரும்பாலும் 8 கிரே ஒரே ஒரு நாள் போதும். பல நாள் கொடுப்பதற்கு இணையான வலி நிவாரணம் அதில் கிடைக்கிறது. முதல் ஓரிரு நாள் வலி கூடலாம், முழுப் பலன் தெரிய நான்கு வாரம் வரை ஆகலாம். அங்கே 7 வாரம் அலைந்தே ஆக வேண்டும். இங்கே அவரைத் தினமும் அலைக்கழிக்க அவசியம் இல்லை.

கீமோவின் 21 நாள்

பல கீமோக்கள் 21 நாள் சுற்றில் வருகின்றன. ஊசி போடும் முன் ரத்தப் பரிசோதனை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1,500, சில மருந்துகளுக்கு 1,000, தட்டணு 1 லட்சம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. உயரமும் எடையும் வைத்துத்தான் டோஸ் போடுவார்கள், ஆகவே ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். முதல் கீமோவுக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை நடக்க வேண்டும். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் கீமோவில் எழுந்து கல்லீரலைத் தாக்கும். முன்கூட்டித் தெரிந்தால் மாத்திரையால் தடுத்துவிடலாம். இனிமேல்தான் குழந்தை பெற வேண்டும் என்றிருப்பவர்கள் விந்தணுவையோ முட்டையையோ சேமிப்பதும் முதல் ஊசிக்கு முன்தான். விந்தணுவுக்கு ஒரு நாள் போதும், முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். இதை டாக்டர் சொல்ல மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

ட்ரிப்ஸ் ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். சில மருந்துகள் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலையும் சதையையும் அரித்துவிடும். பொறுத்துக்கொள்ளும் விஷயம் அல்ல இது. வாந்தி முதல் நாளோடு முடியாது. 2 முதல் 5 வரையான நாட்களில் மறுபடி வரும். அந்த நாட்களுக்கான மாத்திரையை வாந்தி வராவிட்டாலும் சாப்பிட வேண்டும், வந்த பிறகு அடக்குவது கடினம்.

7 முதல் 14 வரையான நாட்களில் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும். இந்த நாட்களில் காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ் ஒருமுறை தொட்டாலும், 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலும், நேரம் எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 38 டிகிரி என்பதை ஃபாரன்ஹீட்டில் 100.4 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்பது உயிரைப் பறித்திருக்கிறது. வெள்ளை அணு இல்லாதபோது சீழ் பிடிக்காது, சிவக்காது, சளியும் கட்டாது. உடல் காட்டும் ஒரே அடையாளம் காய்ச்சல்தான். அதையும் பாராசிட்டமால் மறைத்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "கீமோ போட்டு பத்து நாள் ஆகுது, காய்ச்சல்." ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

மருந்துக்கு மருந்து தனிக் குணம் உண்டு. டாக்ஸோரூபிசின் போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் அல்ல. ஆனால் இதயத்துக்கு எக்கோ எடுக்காமல் அதைத் தொடங்கக் கூடாது. ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட பின் சில நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். பாக்ளிடாக்ஸெலில் விரல் நுனி மரத்தால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் முன்பே சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் அது நிரந்தரமாகலாம். கேப்சிடபின் மாத்திரையில் ஒரு நாளைக்கு வழக்கத்தைவிட நான்கு முறை அதிகமாக வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், அட்டையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

மூலிகைப் பொடி, லேகியம், கேப்சூல் எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரல் எண்கள் திடீரென்று ஏறி, கீமோ தள்ளிப்போய், காரணம் தெரியாமல் டாக்டர் சரியான மருந்தை நிறுத்திவிடும் நிலை இதனால் வருகிறது.

புது மருந்துகள்: சோதனை முன்னே, மருந்து பின்னே

2001-ல் இமாட்டினிப் வந்தபோது ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், தினமும் மாத்திரை சாப்பிட்டு வாழக்கூடிய நோயாக மாறியது. அந்தச் செல்களை ஓட்டும் ஒற்றைக் கோளாறை அது அடைப்பதால் அந்த வெற்றி. அந்தக் கோளாறு இல்லாத நோயில் அதே மாத்திரைக்கு வேலை இல்லை. குறிவைத்துத் தாக்கும் மருந்துகளின் அடிப்படையே இதுதான். பெருங்குடல் புற்றுநோயில் ராஸ் மரபணு மாறியிருந்தால் செடுக்சிமாப் பலன் தராது, பக்கவிளைவு மட்டும் தரும்.

நுரையீரல் புற்றுநோயில், குறிப்பாகப் புகைபிடிக்காதவருக்கு, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களைப் பார்க்கும் சோதனை முடிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். காத்திருக்க மனம் வராமல், எதிர்ப்புச் சக்தியை ஏவிவிடும் பேர்பெற்ற இம்யூனோதெரபி ஊசியை உடனே தொடங்கச் சொல்லிக் குடும்பம் வற்புறுத்துவது உண்டு. இது ஆபத்தான அவசரம். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபி தனியாகப் பெரிதாகப் பலிப்பதில்லை. அதைவிட, அது உடலில் இருக்கும்போதே பின்னால் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஆஸிமெர்டினிப் மாத்திரை தொடங்கினால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. காத்திருக்கவே முடியாத நிலை என்றால், அந்த இடைவெளிக்குக் கீமோவை மட்டும் ஒரு சுற்று தருவார்கள்.

இம்யூனோதெரபி நம் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது. அதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பிரேக் இல்லாத எதிர்ப்புச் சக்தி குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்கலாம், கடைசி ஊசி போட்டுச் சில மாதம் கழித்தும் தாக்கலாம். சாதாரண வயிற்றுப்போக்கு என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கினால் குடல் ஓட்டையாகும்வரை தெரியாது. இதற்கு மருந்து ஸ்டீராய்டு. எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் இந்த ஊசி போட்டிருப்பதை முதலில் சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரையைப் பற்றி ஒன்று மட்டும்: அது 5 முதல் 10 வருடம் சாப்பிட வேண்டியது. இரண்டாம் வருடத்தில் மூட்டுவலி என்று சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்ற முடியும்.

எண்களைக் கேட்கும் விதம்

"இந்த மருந்து நோய் திரும்புவதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்" என்று சொன்னால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 100 பேரில் 30 பேருக்குத் திரும்பும் நோய் 20 பேருக்கு என்று ஆனால் 10 பேருக்குப் பலன். 6 பேருக்குத் திரும்புவது 4 ஆனால் 2 பேருக்குப் பலன், மற்ற 98 பேர் பக்கவிளைவை மட்டும் சுமக்கிறார்கள். இரண்டும் மூன்றில் ஒரு பங்குதான். அதேபோல "நோய் வளராமல் இருக்கும் காலம் கூடுகிறது" என்றால் ஆயுளும் கூடுகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்; ஒன்று இன்னொன்றைக் கொண்டுவரும் என்று நிச்சயமில்லை.

நோயாளி எந்த அளவுக்கு நடமாடுகிறார் என்பதும் ஒரு எண்தான். 0 என்றால் வழக்கம்போல், 4 என்றால் முழுதும் படுக்கை. 3, 4 நிலையில் இருப்பவருக்குக் கீமோ பெரும்பாலும் பலன் தராது, நாட்களைக் குறைக்கவும் கூடும். நோயின் வேகத்தாலேயே படுத்துவிட்ட லிம்போமா, சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள நோய் போன்ற சிலவற்றில்தான் சிகிச்சை அவரை எழுப்பும். "எதையாவது செய்யுங்க டாக்டர்" என்று கெஞ்சும் முன், உங்கள் நோயாளி இந்தச் சிலரில் ஒருவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் நோயாளிக்குத் தெரியாமல் கேட்பதா? அன்பினால்தான் மறைக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் எதைத் தாங்கலாம், எது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் அவர். "உங்களுக்கு எல்லா விவரமும் தெரியணுமா, நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று அவரிடமே கேட்கலாம். தெரிய வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது அவர் எடுத்த முடிவாக இருக்கட்டும்.

வலி தணிக்கும் சிகிச்சைக் குழுவைக் கடைசி வாரத்தில் கூப்பிடுவது பெரிய தவறு. 2010-ல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரில் பாதிப் பேருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு இந்தக் குழுவின் கவனிப்பையும் ஆரம்பத்திலேயே தந்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. இடைநிலை ஆயுள் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது.

மார்ஃபின் என்றால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி மாத்திரையை ஒளித்துவைக்கும் வீடுகள் இருக்கின்றன. டாக்டர் கண்காணிப்பில் வலிக்காக எடுப்பவர் அடிமையாவது அரிது. தூக்கக் கலக்கம் சில நாளில் பழகிவிடும். பழகாதது மலச்சிக்கல் ஒன்றே, அதற்கான மருந்தை மார்ஃபின் தொடங்கும் அன்றே தொடங்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதாக இல்லாமல், டாக்டர் சொன்ன மணி இடைவெளியில் தவறாமல் கொடுக்க வேண்டும், இடையில் வலி வெடித்தால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸை டாக்டர் எழுதித் தருவார். வழக்கமாக அது ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. ஒரு நாளில் மூன்று நான்கு முறை அது தேவைப்பட்டால் அடிப்படை அளவே போதவில்லை என்று பொருள், மறுநாளே டாக்டரிடம் சொல்லிக் கூட்ட வேண்டும். கூடுதல் டோஸ் கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பெட்டியோடு வையுங்கள். இரவில் வலி அடங்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற போன் எண்ணையும் அதே தாளின் தலைப்பில் எழுதுங்கள். அந்த எண்ணை டாக்டரிடம் பகலிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.